கிறுக்கினு இருக்காங்க

வில்லியனூர் மாதா துணை
(இப்போதைக்கு என் பக்கம் வேறு துணை இல்லை)

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அருண் சேவியர் அவர்களுக்கு, தங்கள் அக்காவின் கணவன் இக்னேஷியஸ் எழுதுவது. ஓசூரில் தாங்களும் தங்கள் மனைவி மக்களும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதுவது முறை. இருங்கள். இங்கே யாரும் சுகமாக இல்லை, ஆகவே பதிலில் அதே வரியைத் திருப்பி எழுத வேண்டாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வூட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அக்கா இன்பமேரிக்குக் கேட்கும். அவளுக்கு வாய்தான் போயிற்று, காது போகவில்லை.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு உன் அக்காவிடம் மிஞ்சிய ஒரே சொல் "இன்னா". பசித்தால் இன்னா, வலித்தால் இன்னா, நான் கிண்டிய உப்புமாவைப் பார்த்தாலும் இன்னா. உப்புமாவுக்கு மட்டும் அது கொஞ்சம் நீளும். கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ பெண் ஒரு டப்பா கிரேயானைக் கொண்டுவந்து வைத்து, "சார், அம்மாவ நல்லா கிறுக்க வுடுங்க. இப்போதிக்கு இடது கையாலயே கிறுக்கட்டும். ஆசை வந்துட்டா வலது கையும் வரும்" என்றாள். நான் யார்? நில அளவைத் துறையில் இருந்து, பாகூர், குருவிநத்தம் வயலெல்லாம் சங்கிலி பிடித்து நேர்க்கோடு இழுத்து ஓய்வு பெற்றவன். ஆகவே ஸ்கேல் வைத்துத் தாளில் கோடு போட்டுக் கொடுத்தேன், கிறுக்குவதாக இருந்தால் கோட்டுக்குள் கிறுக்கட்டும் என்று. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கிறுக்கறதுக்கும் எல்லைக்கல் நடுவீங்களா?" என்று கேட்டாள். அடுப்படியில் என் மகள் ஸ்டெல்லா சிரித்த சத்தம் எனக்கும் கேட்டது.

அதோடு எல்லை போயிற்று மச்சான். தாளைத் தாண்டி கரண்ட் பில், கரண்ட் பில்லைத் தாண்டி கோவில் காலண்டர், அங்கிருந்து என் வெள்ளை வேட்டி, கடைசியில் ஸ்டெல்லா கல்யாணத்துக்காகப் புதிதாக ரோஸ் பெயிண்ட் அடித்த கூடத்துச் சுவர். பச்சையும் ஊதாவுமாகச் சுற்றிச் சுற்றி, சுழித்து, எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாத கோடு. ஸ்டெல்லாவுக்கு ப்ளவுஸ் அளவெடுக்கத் தவளக்குப்பத்திலிருந்து வந்த டெய்லர் ஜெயாவாவது எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், "சார், இத போட்டோ எடுத்துக்கவா? ப்ளவுஸ் கையில ஆரி ஒர்க்கா போட்டா செமயா இருக்கும்" என்றாள். ஸ்டெல்லாவும் தலையாட்டிவிட்டாள். என் மகள் கல்யாணத்தன்று முழங்கை வரைக்கும் கிறுக்கலோடு நிற்கப்போகிறாள்.

சரி, காற்று வாங்கட்டும் என்று கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அங்கேயும் இதே கதை. தக்காளி இலையெல்லாம் ஏதோ புழு உள்ளே புகுந்து, வெள்ளை வெள்ளையாகக் கோணல் கோடு இழுத்து வைத்திருக்கிறது. நான் மருந்தடிக்கப் பம்ப்பை எடுத்து வந்தேன். உன் அக்கா ஓர் இலையை மடியில் இழுத்து வைத்து, புழு போன வழியிலேயே விரலை ஓட்டிக்கொண்டு போய், கோடு முடிகிற இடம் வந்ததும் சிரித்தாள். நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு. புழுவைப் பார்த்து, என்னைப் பார்த்து இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மருந்து பட்டுவிட்டது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். மருந்தை இன்னும் திறக்கவே இல்லை. இந்த வருஷம் தக்காளி போச்சு.

இதெல்லாம் என் தலையெழுத்து என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பின் மூன்று ஓலையில் முதல் ஓலையை வாசித்தார்கள். ஃபாதர் பெயர்களைச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது ஒரு குழந்தைகூட இருமவில்லை. அன்று சாயங்காலமே மதகடிப்பட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஜோஸ்பின் போன் செய்தார். சிக்னல்தான் உனக்குத் தெரியுமே. "அம்மா இன்னாமா பண்றாங்க?" என்று அவர் கேட்க, ஸ்டெல்லா, "உள்ள கிறுக்கினு இருக்காங்க அத்தே" என்றாள். அந்தப் பக்கம் போய் விழுந்தது "கிறுக்கா இருக்காங்க". "அய்யய்யோ, எப்பத்திலேர்ந்து?" "ஒரு மாசமாவே அத்தே. இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்காங்க." "டாக்டரு இன்னா சொல்றாரு?" "தடுக்காதீங்க, அப்பிடியே வுடுங்கன்னாங்க." அவ்வளவுதான். ரெண்டாவது ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு நேரில் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டார்கள்.

நான் சுவரை மறைக்கப் பீரோவைத் தள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்த அம்மா உன் அக்காவின் கிட்டே குனிந்து, காது கேளாதவரிடம் கேட்பதுபோல, "நான் யாருன்னு தெரியுதாஆ?" என்று கத்தினார். உன் அக்கா நிமிர்ந்து பார்த்து "இன்னா?" என்றாள். பிறகு அவர் தோளில் தொங்கிய வெள்ளை ஹேண்ட்பேக்கில் சாவகாசமாக ஊதா நிறத்தில் ஒரு சுழி போட்டாள். கிறுக்கு வேறு, கிறுக்குவது வேறு என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்குத்தான் கிறுக்கு என்று அவர்கள் முடிவு கட்டியிருப்பார்கள். போகும்போது கேட் அருகே அந்த அம்மா தணிந்த குரலில், "நாங்க தப்பா நெனைக்கல. எங்க ஜனம் நாலு வார்த்த பேசும். கல்யாணம் முடியற வரைக்கும் அவங்கள ஒங்க மச்சான் வூட்ல வெச்சிருந்தா நல்லதுங்க. அப்பறம் ஓலைய படிச்சிக்கலாம்" என்றார்.

ஆகவே மச்சான், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நடை வந்து உன் அக்காவை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போ. வைத்தியத்துக்கு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். பெற்ற மகள் கல்யாணத்தைத் தாய் பார்க்கக்கூடாது என்று எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டெல்லா அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். இது நின்றுபோனால் என்ன செய்வேன்? பயமாக இருக்கிறதப்பா. ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லவில்லை. உன் அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? நீயே வந்து ஏதாவது சொல்லி அழைத்துப் போ. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

தங்கள் மனைவிக்கு என் வணக்கம். பிள்ளைகளின் நெற்றியில் நான் சிலுவை வரைந்ததாகச் சொல்லவும். அதிலாவது ரெண்டு கோடும் நேராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்,
இக்னேஷியஸ்

பி.கு.: கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் கடிதம் உன் அக்கா மடியில். "ஆகவே மச்சான்" என்று தொடங்கிய பத்தியின்மேல் பச்சையாக அடித்திருப்பதைப் பார்ப்பாய். அடியில் என்ன இருந்தது என்று வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. கோடு நடுங்கித்தான் போயிருக்கிறது, மேலும் கீழும் வால் நீண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பத்தியில் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. என்னைப் பார்த்து "இன்னா?" என்றாள். மதகடிப்பட்டுக்குப் போன் போட்டு, இன்பமேரி கோவிலில் முதல் பெஞ்சில்தான் உட்காருவாள், முடியாதென்றால் ஓலையே வேண்டாம் என்று சொன்னேன். ஸ்டெல்லா வந்து போனைப் பிடுங்கினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நான் சொன்னதையே அவளும் சொன்னாள், என்னைவிடச் சத்தமாக. யோசித்துச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா. யோசிக்கட்டும். நீ கட்டாயம் வா, அக்காவைக் கூட்டிப்போக இல்லை, இந்தப் பீரோவை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும். முக்கியமானதை விட்டுவிட்டேன். நான் வந்தபோது அவளுடைய இடது கை தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கிரேயான் வலது கையில் இருந்தது.