தெங்கும் என் தெளிவுரைக் கடிதமும்

அரசு ஊழியர் ஒருவர் வெளி அணிக்கு விளையாடப் போக வேண்டுமானால் உரிய வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகத் தலைவர் பரிசீலித்து அனுமதிக்கலாம். எங்கள் துறையின் விதி இவ்வளவுதான், இரண்டே வரி. அதை ஏழு கடிதங்களாகவும் ஒரு நினைவூட்டாகவும் வளர்த்து ஆளாக்கியவன் நான்.

அந்த விதிக்குள் வர வேண்டியவளுக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. தெங்கு என்பார்கள். மாவட்டத்தின் மேற்குப் பக்கம் தென்னைக்கு அதுதான் பெயர். நாற்காலியை விட்டு எழாமலே பீரோவின் உச்சித் தட்டில் கோப்பு வைக்கக்கூடிய இளநிலை உதவியாளர் இந்திய அரசு நிர்வாக வரலாற்றில் அவள் ஒருத்திதான் என்று நான் எந்தக் குழுவின் முன்பும் சாட்சி சொல்வேன்.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. கூடைப்பந்து ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள். சேர்ந்த அன்று பதிவேட்டில் உயரம் எழுத வேண்டியது என் கடமை. சுவரோடு நிறுத்தி, நான் நாற்காலியில் ஏறி, மர அடிக்கோலால் அளந்தேன். ஆறடி ஒரு அங்குலம் வந்தது. ஒரு பெண் ஊழியருக்கு இது அதிகமாகத் தோன்றியதால் இன்னொருமுறை அளந்தேன். அப்போதும் குறையவில்லை. மருத்துவச் சான்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேலே நின்ற என்னை அவள் கிட்டத்தட்ட நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"சாரே, சந்தேகம் இருந்தா பாதியை இப்பம் எழுதுங்க. மீதிய புரமோஷன் வரும்பம் எழுதிக்கிடலாம்."

அவள் ஆட்டம் பழகியது கடலை ஒட்டிய கோயில் மைதானத்தில். அங்கே வளையம் வருடத்துக்கு ஒன்று துருப்பிடித்து உதிரும். காற்று எப்போதும் மேற்கிலிருந்து அடிக்கும். அந்தக் காற்றுக்கு ஈடாக இரண்டு சாண் தள்ளி எறிந்து எறிந்து கை அப்படியே படிந்துவிட்டது. திறந்த மைதானத்தில் அவளை அடிக்க ஆளில்லை. கூரை போட்ட அரங்கத்தில் மட்டும் முதல் பத்து நிமிடம் பந்து வளையத்துக்கு இரண்டு சாண் தள்ளிப் போகும். "காத்தே இல்லாத இடத்துல மனுசன் எப்படி சாரே விளையாடுவான்?" என்று என்னிடம் கேட்டாள். இதற்கு விதி ஏதும் இருக்கிறதா என்று நானும் பார்த்தேன். இல்லை.

ஆட்டத்தின் சட்டத்தை அவள் அலுவலகத்துக்கும் கொண்டுவந்ததுதான் எனக்கு வந்த கேடு. கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்த அணி இருபத்துநான்கு வினாடிக்குள் வளையத்தைப் பார்த்து எறிந்துவிட வேண்டுமாம். கோப்புக்கும் அதுவே என்று வைத்துக்கொண்டாள். காலையில் வந்த தபாலை முற்பகலுக்குள் முடித்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவாள். அடுத்த மேசை என்னுடையது. மாதாந்திர ஆய்வில் அலுவலகத் தலைவரான எங்கள் அதிகாரி நிலுவைப் பட்டியலை வாசித்தார். ஊழியர்களிடம் நிலுவை இல்லை, கண்காணிப்பாளரான என்னிடம் மலை. ஒரு கோப்பை நான்கு மாதம் வைத்திருந்து பழுக்க வைப்பதைத் திறமை என்று இருபது வருடம் நம்பியிருந்தவனுக்கு அது நல்ல நாள் அல்ல.

அவள் துறை அணிக்காகப் பத்து வருடம் ஆடினாள். அப்போதுதான் வடக்கே ஒரு நகரத்தில் தொடங்கவிருந்த புதிய லீக்கிலிருந்து ஒப்பந்தம் வந்தது. இரண்டு மாதம், முழுநேர ஆட்டக்காரியாக. பயிற்சி முகாம் தொடங்க நாற்பது நாள் இருந்தது. விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தாள். வழக்கமாக வைத்ததும் போய்விடுகிறவள் அன்று நின்றாள்.

"பத்து வருசமா நான் ஆஃபீசுல பந்துகாரி, கிரவுண்டுல கிளார்க்கு. ரெண்டு மாசம் வெறும் ஆட்டக்காரியா இருந்து பாக்கணும் சாரே. எனக்க கால்முட்டு இன்னும் ஒரு சீசன்தான் தாங்கும்னு டாக்டரு சொல்லியாச்சு."

நான் விண்ணப்பத்தைப் புரட்டினேன். இது ஊழியர்களின் விடுப்பும் அனுமதியும் பார்க்கும் பணியமைப்புப் பிரிவுக்கு நேராக முகவரியிடப்பட்டிருக்கிறது, உங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் வழியாக அல்லவா வர வேண்டும் என்று கேட்டேன்.

"அது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"பணியமைப்பு?"

அதுவும் அப்போது என் கூடுதல் பொறுப்பில்தான் இருந்தது.

"அப்பம் இந்தக் கையில இருந்து அந்தக் கைக்குப் போடுங்க."

அவளுக்கு அது எளிது. நான் முறைப்படி ஒரு முகப்புக் கடிதம் எழுதி, அவளுடைய பிரிவின் கண்காணிப்பாளராகக் கையெழுத்திட்டு, பணியமைப்புக் கண்காணிப்பாளராகிய எனக்கு அனுப்பினேன். எனக்கு வந்த கடிதத்தில் இணைப்பின் நகல்கள் குறைவதைக் கண்டுபிடித்து எனக்கே ஒரு குறிப்பாணை அனுப்பினேன். பதில் தாமதமானதால் நினைவூட்டு ஒன்றும் அனுப்பினேன். அதன் காரசாரமான நடையில் எனக்கு மெய்யாகவே கோபம் வந்து, எனக்கு விறைப்பாகவே பதில் எழுதினேன். இதில் பதினான்கு நாள் போயிற்று.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. லீக்கில் ஆடுவது விளையாட்டா, வேறு வேலையா? சென்னையிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குத் தெளிவுரை கேட்டு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். நல்ல கடிதம், இன்றும் சில வாக்கியங்கள் மனப்பாடமாகத் தெரியும். அதிகாரியும் கையெழுத்திட்டுவிட்டார். அனுமதிக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. ஆனால் மேலே ஒன்றைக் கேட்டுவிட்டால், பதில் வரும்வரை அந்த அதிகாரம் நம்மிடம் இல்லை. புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

பதில் வரவில்லை. தெங்கு தினமும் தபால் வரும் நேரத்துக்கு என் மேசையருகே வந்து நிற்பாள். என் தபால் தட்டைப் பார்ப்பாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், போவாள். மின்விசிறிக்கும் எனக்கும் நடுவில் அவள் நின்றால் எனக்குக் காற்று வராது. நியாயம்தான் என்று வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தவள், தீர்ப்புச் சுருக்கமாக இருக்கும்.

"பதில் தெரியாம கேட்டியளா, தெரிஞ்சே கேட்டியளா?"

தெரிந்தே என்றேன்.

"பின்ன என்னத்துக்குக் கேட்டிய?"



முகாமுக்குப் போக வேண்டிய ரயிலுக்கு முந்தின நாள். தெங்கு வந்தாள். இந்த முறை தட்டைப் பார்க்கவில்லை.

"டிக்கெட்ட கேன்சல் செய்யப் போறேன் சாரே. ஒங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. பந்து ஒங்க கையில இருக்கு, நேரம் முடிஞ்சாச்சு. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் நடத்தை விதியில் இடம் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. அவள் திரும்பி நடந்தபோது வலது காலைச் சற்று இழுத்து வைத்ததைப் பார்த்தேன்.

ஒரு வழி உண்டு. முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்த வழிதான். கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறலாம். கடிதத்தை ரத்து செய்துவிட்டால் கேள்வி இல்லை. கேள்வி இல்லையென்றால் அதிகாரம் மறுபடியும் நம் அதிகாரியின் கையில். ஆனால் திரும்பப் பெறுவதற்குக் காரணம் எழுத வேண்டும். முப்பத்தாறு வருடப் பணியில் நான் அனுப்பிய எந்தக் கடிதத்தையும் ரத்து செய்ததில்லை. மற்றவர்களுடையதைச் செய்ய வைத்திருக்கிறேன்.

அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் தஞ்சாவூர்க்காரர், என்னைவிட இருபது வயது இளையவர்.

"காரணம்னு என்ன எழுதப் போறீங்க?"

நான் எழுதிக் காட்டினேன்: 'மேற்படி தெளிவுரை, விதியை அறிந்த நிலையில், தேவையின்றிக் கேட்கப்பட்டது.'

அவர் இரண்டுமுறை வாசித்தார். "இது உங்க பதிவேட்டுக்குப் போகும். ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருக்கு."

அந்தப் பதிவேட்டில் அதுவரை என்னைப் பற்றி யாரும் எதுவுமே எழுதியதில்லை, ஒன்றாவது இருக்கட்டும் என்றேன். கையெழுத்திட்டார். அடுத்த தாளில் அனுமதி ஆணை. அதையும் கையோடு வாங்கினேன். தட்டச்சுக்குக்கூட அனுப்பவில்லை. ரயில் நிலையத்துக்குப் பேருந்து பிடிக்கத் தெங்கு பேருந்து நிலையம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஐம்பத்தொன்பது வயதில், கையில் தாளுடன், மதிய வெயிலில் ஓடினேன். அவளைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கூட்டத்துக்கு மேலே தலை தெரிந்தது. ஆணையைக் கொடுத்தேன். மூச்சு வாங்கியதால் விளக்கம் சொல்ல முடியவில்லை. அவள் படித்துவிட்டு, "கொள்ளாம்" என்றாள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆட்டங்களை மதிய உணவு நேரத்தில் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். அவள் அணி கடைசிக்கு முந்தின இடம் பிடித்தது. அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அவள் ஆடும்போது திரையின் அடியில் பெயர் வரும். பெயர் மட்டும், பதவி இல்லை. அரசு ஊழியர் ஒருவரின் பெயரைப் பதவியின்றி நான் அதற்குமுன் எழுத்தில் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தாள். மருத்துவர் சொன்னபடி கால்முட்டு அந்த ஒரு சீசனோடு நின்றுகொண்டது. நானும் ஓய்வு பெற்றேன்.

ரத்து செய்யப்பட்ட என் கடிதத்துக்குத் தலைமை அலுவலகத்தின் பதில் போன மாதம் இரண்டாம் திங்கட்கிழமை வந்தது. படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பியிருக்கலாம். தெங்கு அன்று மாலையே நகலை எடுத்துக்கொண்டு, அந்தக் காலோடு இரண்டு பேருந்து மாறி என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என் மனைவி பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். 'இதில் தங்கள் அலுவலகத் தலைவரே முடிவெடுக்கலாம்' என்று பதிலில் ஒரே வரி. அதைப் படிக்க நான் வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். படித்து முடித்தால் அவள் எழுந்து போய்விடுவாள்.