வெளியே போகிற குறி

“நம்ம வெப்சைட்டுல எதையோ அமுக்குனா வேற கடைக்குப் போயிருதாமே. வெளிய போறதுக்கெல்லாம் ஒரு குறி போட்டு வெய்யி தம்பி” என்று முதலாளி சண்முகவேல் சொன்னதும் தமிழரசுக்கு வியர்த்துவிட்டது.

ராசிபுரம் நெய்க்கடையின் வெப்சைட்டில் வெளியே போகிற லிங்க் ஒன்றே ஒன்றுதான். அதைத் திருட்டுத்தனமாகப் போட்டவனும் அவன்தான். அமுக்கினால் சேலத்தில் சுகன்யா நடத்தும் பலகாரக் கடையின் பக்கம், அவள் படத்தோடு திறக்கும். சுகன்யா முதலாளியின் ஒரே மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கக் கூடாது. தமிழரசுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அந்த நன்றிக்குத்தான் முதலாளியின் படத்துக்கு அடியில், பொடி எழுத்தில் அந்த லிங்க். இப்போது எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம், மனசு வரவில்லை.

பெட்டியிலிருந்து அம்பு வெளியே பாய்கிற குறியைப் போட்டான். முதலாளி செல்போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏந் தம்பி, ஊட்டுக்கு வந்தவங்களப் போன்னு சொல்லுவமா? போயிட்டு வாங்கன்னுதான சொல்லோணும்?”

அம்பை வட்டமாக வளைத்துத் திருப்பிவிட்டான். மறுநாளே ஜேடர்பாளையத்துக்காரர் ஒருவர் பாதி காலியான நெய் டப்பாவோடு பஸ்ஸேறி வந்து, திருப்பி எடுத்துக்கொள்வதாகத்தானே குறி போட்டிருக்கிறீர்கள் என்று நகராமல் உட்கார்ந்துவிட்டார்.

“மரியாதையா ஒரு கும்புடு போட்டு வழியனுப்பிரு” என்றார் முதலாளி.

கூப்பிய கைகளைப் போட்டான். மேலே முதலாளி படம், கீழே கூப்பிய கைகள். சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி பார்த்துப் பழகிய ஊர். காலையிலேயே எருமப்பட்டிப் பால்காரர்கள் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்கள். கல்லாவில் அவரே உட்கார்ந்திருப்பதைக் கண்டு, வாங்கிய மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டார்கள்.

பின்னாலேயே சுகன்யாவும் அதே கூப்பிய கைகளைப் பார்த்துவிட்டு, கையில் கடலை மாவு காயாமல் ஓடிவந்தாள். மாலையும் கழுத்துமாக இருந்த அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வேலை போயிற்று என்று தமிழரசு கடைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

முதலாளி மாலையைக் கழற்றக்கூட இல்லை. மகளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“வெயில்ல வந்துருக்கற. மோர் குடி சாமி.”

அவர் மனைவி மாரக்காள் மோரை முதலில் தமிழரசு கையில்தான் கொடுத்தாள். அவன் குடிக்காமல், அந்த லிங்க்கைப் போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டு கும்பிட்டான்.

“நீ நல்லா இருக்கோணும் தம்பி” என்றாள் மாரக்காள். “தெனமும் வெடிஞ்சா அதை அமுக்கி மவ மூஞ்சியப் பாக்கறவரே இவருதான். பொடி எழுத்துத் தெரியாமத் தடவிக்கிட்டுக் கெடப்பாரு. அதுக்குத்தான் குறி போடச் சொன்னதே.”