பாத்திரன் அல்லாதவர்

பெருமை பிடித்தவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களைச் சமாளிப்பது சுலபம். இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நான் இங்கே அறிமுகப்படுத்த வந்திருப்பது வேறோர் இனம்: தாழ்மை பிடித்தவர்கள். இவர்களைப் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது. "நீங்க ரொம்ப நல்லவர் சார்" என்று சொல்லுங்கள். "ஐயோ, நான் மகா பாவி" என்று பதறுவார். சரி, மனிதர் இவ்வளவு தூரம் சொல்கிறாரே என்று "ஆமா சார், எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று ஒருமுறை ஒப்புக்கொண்டு பாருங்களேன். அதோடு உங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

தாம்பரத்தில் ஆரம்பித்து குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர் வரைக்கும் எத்தனை கிறிஸ்தவ சபைகள் உண்டோ அத்தனையிலும் இந்த இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. "நான்" என்ற சொல்லை லேசில் தனியாகச் சொல்ல மாட்டார். "தூசியான நான்", "புழுவான நான்", "ஒன்றுக்கும் உதவாத இந்த அற்பன்" என்று முன்னால் ஏதாவது ஒன்றை ஒட்டித்தான் வெளியே அனுப்புவார். கூட்டத்தில் பேசக் கூப்பிட்டால், பேசுவதற்குத் தனக்குத் தகுதி இல்லை என்பதை முக்கால் மணி நேரம் பேசுவார். குழுப்படம் எடுத்தால் கடைசி வரிசைக்கு ஓடிப் போய், அங்கேயும் குனிந்துகொள்வார். அப்புறம் படம் வந்ததும் "என் முகம் எங்கே?" என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவரும் அவரேதான்.

எங்கள் சபையில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஏசுபாதம் அண்ணன். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு மேலாளர். அவருடைய விசிட்டிங் கார்டைப் பார்த்திருக்கிறீர்களா? வழவழப்பான அட்டை, நடுவில் தங்க எழுத்து: "உங்கள் பாதத்தூசி, அ. ஏசுபாதம், எம்.காம்." இவர் வாயில் ஓயாமல் புரளும் வாசகம் ஒன்று உண்டு. காபி சாப்பிடுங்கள் என்றாலும் சரி, கமிட்டியில் சேருங்கள் என்றாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு, "அதற்கு நான் பாத்திரன் அல்ல" என்பார். தகுதியுள்ளவன் அல்ல என்று அர்த்தம். வேதத் தமிழில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. காபியைக் குடித்துவிடுவார், கமிட்டியிலும் சேர்ந்துவிடுவார். அது வேறு விஷயம்.

அவருடைய மனைவி பேபி அக்கா, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தாழ்மையைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. காலையில் சமையல், அப்புறம் பஸ், அப்புறம் நாற்பது பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா. இதற்கு நடுவே தாழ்மைக்கு எங்கே போவது?

இந்த இனத்தில் ஒருவர் மட்டும் இருந்தால் சேதம் குறைவு. எங்கள் சபையில் டேனியல் என்று இன்னொருவரும் வந்து சேர்ந்தார். ஒருநாள் இருவரும் தாம்பரத்தில் பல்லாவரம் பஸ் ஏற நின்றார்கள். "நீங்க முதல்ல ஏறுங்க பிரதர்." "தூசியான நான் எப்படி பிரதர் முதல்ல ஏறுறது?" "அற்பனான நான் மட்டும்?" கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யோவ், தூசியும் வேணாம் அற்பனும் வேணாம்" என்று விசில் அடித்துவிட்டார். அன்று இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள், நான்தான் பின்னால் வருவேன் என்று ஆளுக்கு ஆள் பிடிவாதம் பிடித்தபடி. அதனால் பெரும்பாலும் பின்பக்கமாகவே நடந்தார்கள்.

கடைசி பெஞ்சு விவகாரம் இன்னும் மோசம். ஏசுபாதம் அண்ணன் வழக்கமாகக் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். அதற்கும் பின்னால் டேனியல் ஒரு நாற்காலியைப் போட்டார். அடுத்த வாரம் ஏசுபாதம் அண்ணன் ஒரு ஸ்டூலோடு வாசற்படியில் இருந்தார். அதற்கடுத்த வாரம் டேனியல் செருப்பு விடும் இடத்தில். இதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் சபையே ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து ஆராதனை செய்ய, ஆயர் உள்ளே மின்விசிறிகளுக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் மைக்கோடு அவரும் வெளியே வந்து, "எல்லாரும் உள்ளே வாங்க, இது உத்தரவு" என்று கத்தினார். யார் முதலில் உள்ளே போவது என்று மறுபடியும் தகராறு.

இப்படி இருக்கும்போதுதான் சபை மண்டபத்தின் சாவியை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. வாசற்காவல் வேலை எல்லாவற்றிலும் கீழான வேலை அல்லவா? ஏசுபாதம் அண்ணன் விடுவாரா? டேனியலோடு மல்லுக்கட்டி அந்தக் கீழான வேலையை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சாவி அவர் சட்டைப் பையில். பை கொஞ்சம் கனமாகத் தொங்கும். எல்லோருக்கும் தெரியட்டும் என்று அவரும் வெள்ளை மெல்லிசுச் சட்டையாகவே போட்டார்.

இரண்டாயிரத்து ஐந்து மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடையாறு கரை மீறி அனகாபுத்தூர் சந்துகளுக்குள் நுழைந்தது. சந்துக்காரர்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மேடான இடத்தைத் தேடி வந்தார்கள். அங்கே மேடு என்றால் பக்கத்துப் பம்மலில் இருக்கும் எங்கள் சபை மண்டபம்தான். முன்னால் வந்தவள் அங்காளம்மாள். தெருத் தெருவாக மீன் விற்பவள். ஏசுபாதம் அண்ணன் வீட்டு சனிக்கிழமை வஞ்சிரமே அவள் கூடையிலிருந்துதான். மருமகள் சரிதாவின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பின்னால் சந்தே திரண்டு வந்திருந்தது. மழை நிற்கவில்லை. கைக்குழந்தை அழுவதைக்கூட நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது.

மண்டபத்திலோ புது டைல்ஸ் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பேராயர் கையால் பிரதிஷ்டை செய்யக் காத்திருந்தார்கள். நூல்கூடப் பிரியாத புதுச் சமுக்காளம் உள்ளே விரித்திருந்தது. ஆயர் வெளியூரில், ரயில் ஓடாமல் மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் குடையோடு ஏசுபாதம் அண்ணன், அவர் பக்கத்தில் பேபி அக்கா, கொஞ்சம் தள்ளி நான்.

"அண்ணா, வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. கொயந்தைங்க நனைஞ்சிகினு கீது. கதவைத் தொறண்ணா" என்றாள் அங்காளம்மாள்.

ஏசுபாதம் அண்ணன் சட்டைப் பையைத் தடவினார். கண்ணை மூடினார். "அதற்கு நான் பாத்திரன் அல்லம்மா."

"பாத்திரம் இல்லியா? பாத்திரம் இன்னாத்துக்குண்ணா? எங்களாண்டயே கீது." அவள் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏய் சரிதா, இங்க பாத்திரம் இல்லியாம். நம்ம அண்டாவ எடுத்தா!"

அண்டா வந்து படியில் உட்கார்ந்தது.

"பாத்திரம் இல்லம்மா, பாத்திரன்!"

"அதான் வந்துச்சே. தொறண்ணா."

அதற்குள் டேனியல் வந்தார். ஏசுபாதம் அண்ணன் நிம்மதியாகச் சாவியை நீட்டினார். தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது போல் டேனியல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஐயோ, நானும் பாத்திரன் அல்ல பிரதர்." சாவி மறுபடி சட்டைப் பைக்கே போனது.

"இவராண்டயும் பாத்திரம் இல்லியாம்! அந்த குண்டான எடுத்தா!"

குண்டானும் வந்தது. அடுத்து வந்தார் சபைச் செயலாளர் ஞானஜோதி சார். டைல்ஸ் அவர் தேர்ந்தெடுத்தது. அவர் கதவைப் பார்த்தார், சேற்றுக் கால்களைப் பார்த்தார், மனக்கண்ணில் புதுச் சமுக்காளத்தைப் பார்த்தார். "வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா சரின்னு சொல்லவும் நான் யாரு? கேவலம் ஒரு செயலாளர். கமிட்டி கூடணும், ஆயர் வரணும். அதுக்கெல்லாம் நான் பாத்திரன் அல்ல."

அன்னக்கூடை வந்தது. படி முழுக்கப் பாத்திரக்கடை. கதவு மட்டும் மூடியே இருந்தது.

இதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்தவரை நான் பார்க்க வேண்டும். யார் திறந்தாலும் நாளைக்கு "யாரைக் கேட்டுத் திறந்தாய்?" என்று ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பயம். அப்பட்டமான பயம். பயத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு, குடை பிடித்து, தாழ்மை என்று அழைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

"ஜெபிப்போம்" என்றார் டேனியல்.

இக்கட்டு வந்தால் இந்த இனம் உடனே கண்களை மூடிக்கொள்ளும். மூவரும் மூடினார்கள். டேனியல் உலகம் உண்டான கதையிலிருந்து ஆரம்பித்தார். கடலைப் பிளந்தது, கோட்டை மதில் விழுந்தது எல்லாவற்றையும் ஆண்டவருக்கு ஞாபகப்படுத்தி, மெதுவாகப் பம்மலுக்கு வந்து சேர்ந்தார். "தூசியான நாங்கள் என்ன செய்ய முடியும் ஆண்டவரே? இந்தக் கதவை நீரே திறந்தருளும்!"

கிரீச்.

டேனியலின் கண் தானாகத் திறந்தது. கதவு இரண்டாகத் திறந்து கிடந்தது. "அல்லேலூயா!" என்று அலறினார். ஏசுபாதம் அண்ணன் கைகளை உயர்த்தினார். அப்போதுதான் சட்டைப் பை இலேசாக இருப்பது அவருக்கு உறைத்தது.

ஞானஜோதி சாருக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது. "யார் திறந்தது?"

"கர்த்தர் திறந்தார் சார்!" என்றார் டேனியல்.

"அவர் மேல பழி போடாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பேபி அக்கா சாவியும் கையுமாக நின்றிருந்தார். "நான்தான் தொறந்தேன். இவர் பாக்கெட்லேருந்து எடுத்து நான்தான் தொறந்தேன். பேராயர் கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

எங்கள் சபையில் "நான்" என்ற சொல்லை முன்னால் எந்தத் தூசியும், பின்னால் எந்த "அல்ல"வும் ஒட்டாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"டைல்ஸ்…" என்று இழுத்தார் ஞானஜோதி சார். நியாயமான கவலைதான். பேபி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்காளம்மாளின் அண்டாவில் மழைத் தண்ணீர் பிடித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வந்த ஒவ்வொரு குழந்தையின் சேற்றுக் காலையும் கழுவித் துடைத்து, "போ, ஓடு, சமுக்காளத்துல உக்காரு" என்று முதுகில் தட்டி அனுப்பினார். பெரிய வியாழன்தோறும், ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்யும் கால் கழுவும் ஆராதனையில் யார் செம்பு பிடிப்பது என்று அடித்துக்கொள்கிற ஏசுபாதம் அண்ணனும் டேனியலும் இதைக் குடைக்கடியில் நின்று பார்த்தார்கள். இது கால் கழுவுவதுதான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. போட்டோகிராபர் இல்லையே.

அங்காளம்மாள் சரிதாவிடம் சொன்னாள்: "பாத்திரம் இல்ல, பாத்திரம் இல்லன்னு மூணு ஆம்பளைங்க நின்னாங்க. இந்தக்கா ஒண்ணு வந்துதான் நம்ம அண்டாவுக்கு வேல வந்துச்சு பாரு."

பேராயர் வந்தபோது மண்டபம் நிறைய ஜனங்கள், ஒரு மூலையில் கஞ்சி, லேசாக மீன் வாடை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பேபி அக்கா பேரைச் சொல்லத் தயாராக இருந்த சிலருக்குப் பெரிய ஏமாற்றம். பழி இல்லை என்று ஆனதும், அடுத்த மாதமே ஏசுபாதம் அண்ணன் சபை முன்னால் சாட்சி சொல்ல எழுந்தார்: "இந்த அற்பனின் சட்டைப் பையில் இருந்த சாவியைக் கொண்டு கர்த்தர் அற்புதம் செய்தார்." பேபி அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரம் படித்தீர்களே, உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்து சிரித்திருப்பீர்கள். மகிழ்ச்சி. ஆனால் உங்களைப் பற்றி என்ன? "சேச்சே, அந்த அளவுக்குத் தாழ்மை எல்லாம் எனக்கு ஏதுங்க?" என்று இப்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்களா? அடக்கமாகத் தலையை வேறு ஆட்டினீர்களா?

எதற்கும் ஒருமுறை சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். வெளியே யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது.