கரும்பலகையைப் பார்க்காத அவரைச் செடி

அறிவியல் வகுப்பில் அறிவியல் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒழுங்கு நடக்க வேண்டும். இதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஒழுங்கு நடந்து முடிந்த பிறகு அறிவியலும் கொஞ்சம் நடக்கட்டுமே என்றுதான் கேட்டேன். அதற்குப் போய் எனக்கு வாயாடிப் பட்டம் கட்டிவிட்டார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் படிப்பு படிப்பவள். ஒரு பருவம் பாடம் நடத்திப் பழகி வா என்று ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, அறிவியல். வகுப்புக்குச் சொந்தக்காரர் அறிவியல் டீச்சர். தங்கமான மனுஷி. ஆனால் விடுமுறையில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்துவிட்டார். அந்தப் பட்டறையில் 'விதி' என்ற சொல்லையே ஒழித்துவிட்டார்களாம். விதி என்றால் பிள்ளைகளின் பிஞ்சு மனசு வாடிப்போகும். ஆகவே இனி 'எதிர்பார்ப்பு'. தண்டனையும் கிடையாது, 'அன்பான நினைவூட்டல்' மட்டும். அது மஞ்சள் அட்டை வடிவில் வழங்கப்படும். மூன்று அன்பு சேர்ந்தால் வகுப்பை விட்டு வெளியே.

எதிர்பார்ப்புகள் எல்லாம் ஒரு பெரிய அட்டையில் பெரிய எழுத்தில் சுவரில் தொங்கின. அந்த அட்டைக்கு இடம் வேண்டுமென்று அங்கிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தார்கள்.

வகுப்பு இப்படி நடக்கும். பிள்ளைகள் வாசலில் வரிசையில் நின்று மூச்சை இழுத்து விட வேண்டும். வலது ஓரமாக உள்ளே வர வேண்டும். பை கொக்கியில், கை மேசையில், கண் கரும்பலகையில். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு விரல், கழிப்பறைக்கு இரண்டு, சந்தேகத்துக்கு மூன்று. டீச்சர் கையை இரண்டு தட்டு தட்டினால் எல்லாரும் தட்டு வந்த திசைக்குத் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, அடுத்த தட்டு வரும்வரை சிலையாக நிற்க வேண்டும். யாராவது ஒருவன் சொதப்புவான். மறுபடி வாசலில் இருந்து ஆரம்பம். எல்லாம் சரியாக அமைந்து, டீச்சர் சாக்பீஸை எடுக்கும் நேரத்துக்கு மணி அடிக்கும். உடனே வெளியேறும் ஒழுங்கு.

"டீச்சர், பாடம் எப்போ?" என்று கேட்டேன்.

"இதுதாம்மா பாடம். அடித்தளம் போடுறோம்."

"பருவம் பாதி போயிடுச்சே, இன்னுமா அடித்தளம்?"

"உயரமான கட்டடம்மா."

இதற்கு மேல் எப்படி வாதாடுவது?

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அவளை வாலு என்பார்கள். அவளுக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை. 'செடிகள் வெளிச்சத்தை நோக்கி வளரும்' என்று குரல் ஒழுங்குப் பயிற்சிக்காக வகுப்பே ராகம் போட்டு ஒப்பித்தபோது, மூன்று விரலைத் தூக்கி, "நிஜமாவா டீச்சர்?" என்றாள். மறுநாள் ஜாம் பாட்டிலில் ஈரப்பஞ்சு திணித்து, அவரை விதை ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். வகுப்புக்கு ஒரு பசுமை மூலை வேண்டுமென்று பட்டறையில் சொல்லியிருந்ததால் டீச்சரும் மகிழ்ச்சியோடு அனுமதித்தார்.

விதை முளைத்தது, இலை விட்டது, கொடியானது. வாலு அதைச் சின்னத் தொட்டிக்கு மாற்றினாள். அதுவரை பிரச்சினை இல்லை. பிறகுதான் மேற்படி செடி ஜன்னல் பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

"நாலாவது எதிர்பார்ப்பு என்ன?" என்று டீச்சர் வகுப்பைக் கேட்டார்.

"வகுப்பறையில் உள்ள அனைவரும் கரும்பலகையை நோக்கியிருப்போம்!"

"அப்போ இது?"

வகுப்பே செடியைப் பார்த்தது. டீச்சர் தொட்டியைக் கரும்பலகைப் பக்கமாகத் திருப்பி வைத்தார். சில நாளில் அது மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது. திருப்பினார். அதுவும் திரும்பியது. கடைசியில் தொட்டியில் ஒரு மஞ்சள் அட்டை ஒட்டப்பட்டது.

எனக்குத் தாங்கவில்லை. தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், அது செடி. அதுக்குக் கண்ணே கிடையாது. எப்படிக் கரும்பலகையைப் பாக்கும்?"

அவர் நியாயமான மனிதர். நன்றாக யோசித்தார். "கண் சரியில்லாத பிள்ளைங்களுக்கு முன் பெஞ்சு குடுக்கிறோம் இல்லையா? அதையும் முன் பெஞ்சுல வைங்க."

"சார், வெளிச்சத்துக்குத் திரும்புறதுதான் அதோட இயல்பு. பாடத்துலயே இருக்கு!"

"பாடத்துல திரும்பட்டும்மா, நான் வேண்டாங்கலையே. வகுப்புல திரும்பக் கூடாது. இன்னைக்குச் செடிக்கு ஒரு சலுகை குடுத்தா நாளைக்கு மீன் தொட்டி வந்து நிக்கும்."

செடியை முன் பெஞ்சில் வைத்தார்கள். ஜன்னல் தூரமாகிவிட்டதால் அது இன்னும் எட்டிச் சாய்ந்தது. இரண்டாவது மஞ்சள் அட்டை. இன்னொன்று விழுந்தால் குப்பைத் தொட்டி.

"அக்கா, மொட்டு விட்டிருக்கு," என்றாள் வாலு. என்னை 'பயிற்சி மிஸ்' என்று கூப்பிட வேண்டும் என்பதும் ஓர் எதிர்பார்ப்பு. அவள் அதை ஒரு நாளும் நிறைவேற்றியதில்லை. "இப்பப் போய்த் தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"நான் இருக்கேன்ல, பேசிக்கிறேன்," என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வை அதிகாரி தலைமையாசிரியரோடு வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் மூச்சு விட்டார்கள், வலது ஓரமாக வந்தார்கள், பை, கை, கண் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஒருவனும் சொதப்பவில்லை. அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

"அற்புதம்! ஒரு குண்டூசி விழுந்தா கேக்கும். என்ன பாடம் நடக்குது?"

யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளையாக, யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அப்போது அவர் கண்ணில் செடி பட்டது. "இது யாரு? நமக்கெல்லாம் முதுகைக் காட்டிட்டு நிக்குது?"

"ஐயா, ரெண்டு நினைவூட்டல் குடுத்தாச்சு," என்றார் டீச்சர், பெற்ற பிள்ளை ஃபெயிலானதைச் சொல்வதுபோல.

நான் விடவில்லை. "ஐயா, பாடப்புத்தகத்தைப் பாருங்க..."

"பாடப்புத்தகம் வேற பிரிவும்மா. நான் நடத்தைப் பிரிவு." அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "மூணாவது அட்டையைக் குடுத்து, தகுந்த நடவடிக்கை எடுங்க. மாதிரி வகுப்புன்னு பரிந்துரைக்கப் போறேன். இந்த ஒண்ணுதான் கண்ணை உறுத்துது."

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்தார். வாலு மூன்று விரலைத் தூக்கினாள்.

"சந்தேகமா? கேளு கண்ணு," என்றார் அதிகாரி.

"ரெண்டு தட்டு தட்டினா எல்லாரும் திரும்பணுமா?"

"எல்லாரும்."

"நீங்களுமா?"

"நான் இல்லாமலா? வகுப்பறையில் உள்ள அனைவரும்னு போட்டிருக்கே. சமத்துவம்!"

"யாரு தட்டினாலுமா?"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரிலிருந்த அட்டையை மேலிருந்து கீழே படித்தார். தட்டு என்று இருந்தது, திரும்புதல் இருந்தது, விரல் இருந்தது. தட்டுபவர் யாரென்று இல்லை.

"குறிப்பிடப்படாததால், யார் தட்டினாலும்," என்று தீர்ப்புச் சொன்னார்.

வாலு எழுந்தாள். பட் பட்டென்று கையை இரண்டு தட்டு.

வகுப்பு முழுக்க அவள் பக்கம் திரும்பியது. டீச்சர் திரும்பினார். தலைமையாசிரியர் திரும்பினார். அதிகாரி தொப்பையோடு திரும்பினார். எல்லார் உதட்டிலும் விரல். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது செடி ஒன்றுதான்.

"அக்கா, பாத்தீங்களா?" என்றாள் வாலு. சோதனை சரியாக வந்த சந்தோஷம் அவள் முகத்தில். "அது வெளிச்சத்துக்குத் திரும்புது. நீங்க எல்லாரும் சத்தத்துக்குத் திரும்புறீங்க."

தொட்டியிலிருந்த இரண்டு மஞ்சள் அட்டைகளையும் பிய்த்து மேசையில் வைத்தாள். செடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது ஓரமாக, வரிசையாக, தன்னந்தனியாக வெளியே போனாள். போகும்போது ஓர் எதிர்பார்ப்பையும் அவள் மீறவில்லை.

மணி அடித்தது. யாரும் அசையவில்லை. அடுத்த தட்டு வரவில்லையே! பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர்கள் வந்தார்கள். வாசலிலேயே அட்டையைப் படித்துவிட்டு, "ஆஹா, எவ்வளவு ஒழுக்கம்!" என்று கண்ணாலேயே பேசிக்கொண்டு, அவர்களும் உதட்டில் விரல் வைத்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

கடைக்கண்ணால் பார்த்தால் சுற்றுச்சுவர் தெரிகிறது. அதன்மேல் வெயிலில் செடி இருக்கிறது. பக்கத்தில் காலை ஆட்டியபடி வாலு. ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள். தட்டுகிற எண்ணமே அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த அநியாயத்தைப் பற்றி என்னிடம் அசைக்க முடியாத வாதங்கள் எத்தனையோ இருக்கின்றன. சொல்லத்தான் முடியவில்லை. இடது கை விரல் உதட்டில் இருக்க, வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நீங்களும் இவ்வளவு நேரமாக வாயைத் திறக்காமல், கண்ணை அங்கே இங்கே திருப்பாமல், நான் காட்டிய பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே. உங்களுக்கு யார் தட்டினார்கள்?