சம்பந்தி வீட்டுப் பீரோவின் கதவுகள் குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் சுகமாக இருக்கிறோம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே எங்கள் ஓயாத வேண்டுதல். வீடு மாறும்போது தாங்கள் எங்களை நம்பி விட்டுச்சென்ற இரும்பு பீரோவும் சுகம். அதன் கதவுகளும் சுகம்தான். இப்போதைக்கு அவை பீரோவோடு இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து பீரோவை எடுத்துப்போவதாகத் தாங்கள் தொலைபேசியில் சொன்னபோது, "தாராளமா வாங்க சம்பந்தி, உங்க வீடு, உங்க பொருள்" என்று நானும் வாய் நிறையச் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல நா எழவில்லை. கதவில்லாத பீரோ வந்து இறங்கியதும், உங்கள் வீட்டில் யாராவது என் மகளைப் பார்த்து "இது உங்க அப்பா கைவண்ணமா?" என்று கேட்டுவிட்டால் அந்தப் பெண் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்? இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே தாங்கள் நேரில் பார்த்து அதிர்ச்சி அடைவதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலமெல்லாம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திய கை, ஓய்வு கொடுத்தால் மட்டும் சும்மா இருக்குமா? ஒருநாள் கைப்பேசியில் யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் அலுமினியத்தை உருக்கிக் கைப்பிடி வார்ப்பதைப் பார்த்தேன். எங்கள் வாசல் கேட்டின் கைப்பிடியும் அந்த நேரம் உடைந்துதான் கிடந்தது. "கடையில வாங்கி மாட்டினா அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் என் மனைவி. அஞ்சு நிமிஷத்தில் முடிகிற வேலை, ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு? ஒரு கேஸ் பர்னர் வாங்கினேன். உலோகம் உருக்குகிற மூசைக் கிண்ணம் ஒன்று வாங்கினேன். பிடி போன பழைய அலுமினிய வாணலியைத் துண்டு துண்டாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டுக் கொல்லையில் பற்றவைத்தேன்.

எங்கள் கொல்லைக் காற்றைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. துணி காயப்போட்டால் இலைகூட அசையாது. நான் பர்னரைப் பற்றவைத்தால் மட்டும் எங்கிருந்தோ அழைப்பு வைத்ததுபோல் வந்துவிடும். ஜுவாலை அப்படியே சாய்ந்து, கிண்ணத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த வாளியைக் கவனித்தது. அலுமினியம் உருகவில்லை, பிளாஸ்டிக் வாளி உருகியது. அன்றைக்குத்தான் இந்தக் காற்றை அடக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முதலில் ஒரு பழைய தகரத்தை நிறுத்திவைத்தேன். அது சற்று நேரம் தடதடவென்று மேளம் கொட்டிவிட்டு என் முதுகில் விழுந்தது. சரி, தகரம்தானே பறக்கும், செங்கல் பறக்குமா என்று பர்னரைச் சுற்றிச் செங்கல்லை அடுக்கி, ஊசி நுழைய இடமில்லாமல் மண்ணைக் குழைத்துப் பூசினேன். காற்று உள்ளே வரவில்லை. நெருப்பும் உள்ளே இருக்கவில்லை. கரும்புகையாகக் கக்கிவிட்டு அணைந்துபோனது. என் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "நெருப்புக்கும் மூச்சு விட வேணாமா? உங்க தலையைக் குடத்துக்குள்ள விட்டு மூடினா பேசுவீங்களா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "நீங்க அப்பவும் பேசுவீங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப்போனாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. காற்று அடிக்கிற பக்கம் மறைக்க வேண்டும், மற்ற பக்கம் திறந்திருக்க வேண்டும். கனமாக, தட்டையாக, உயரமாக இரண்டு இரும்புத் தகடுகள் இருந்தால் விரித்த புத்தகம்போல நிறுத்திவிடலாம். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. பீரோக்களைக் காலிசெய்து பின்வராந்தாவில் நிறுத்தியிருந்தோம். தங்களுக்கே நினைவிருக்கும், கல்யாணத்தின்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில், கதவில் கண்ணாடி வைத்து வாங்கினோம். இடதுபக்கம் நின்றது தங்களுடையது, வலதுபக்கம் என் மனைவியுடையது. என் மனைவியின் பீரோவைத் தொடுவதற்கு எனக்கு என்ன பைத்தியமா? தாங்களோ பெருந்தன்மையானவர். அதுவும் வெளியூரில் இருக்கிறீர்கள். ஒரு சாயங்காலத்துக்கு இரவல் வாங்கி இருட்டுவதற்குள் மாட்டிவிடலாம் என்று இடதுபக்கத்துக் கதவுகளைக் கழற்றினேன்.

சம்பந்தி, பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படி ஒரு காற்றுத்தடுப்பை நான் எந்தக் கைப்பேசியிலும் பார்த்ததில்லை! ஜுவாலை நட்டகுச்சியாக நின்றது. வாணலி உருகித் தளதளவென்று மின்னியது. மணல் அச்சில் ஊற்றிவிட்டு, சந்தோஷத்தில் பர்னரை அணைக்கக்கூட மறந்து தனியாக நின்று கைதட்டினேன். அதே நேரத்தில் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்திருக்கிறார். கீழே ஒரு நெருப்பு, கண்ணாடியில் ஒரு நெருப்பு. மனிதர் பதறிப்போய், "ரெண்டு இடத்துல எரியுது, ஓடி வாங்க" என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். வந்தவர்கள் என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. பர்னரை மூடினார்கள், குழாயைத் திருப்பினார்கள், தண்ணீரை அடித்தார்கள். எல்லாம் முடிந்தபின் அவர்களுடைய அதிகாரி, "ரெண்டாவது தீ எங்க சார்?" என்றார். "அது கண்ணாடியில தெரிஞ்சதுங்க" என்றேன். அவர் திரும்பிக் கதவுகளைப் பார்த்துவிட்டு, "அதையும் அணைச்சுட்டோம்" என்றார்.

கண்ணாடி நாலாக உடைந்தது. சூட்டில் பச்சைத்தண்ணீர் பட்டுக் கதவுகள் அப்பளமாக நெளிந்தன, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. திரும்பி வந்த என் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "நம்ம வீட்டுப் பொருளா இருந்தாலும் தொலையட்டும்னு விடலாம். சம்பந்தி பொருளாச்சே, நாளைக்குப் பொண்ணு தலை நிமிர்ந்து நிக்க வேணாமா?" என்று அழாத குறை. ஆகவே எங்கள் மகள் முகத்துக்காகத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதுக் கதவுக்குச் சொல்லிவைக்கிறேன். கைப்பிடி மிக நன்றாக வந்திருக்கிறது. அதைப் பிடித்துத் திருகினால் கேட் திறப்பதில்லை என்பது தவிர வேறு குறை சொல்ல முடியாது.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பையே நம்பியிருக்கும்
சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரத்தில், பூட்டாவது பிழைத்திருக்கிறதா பார்ப்போம் என்று என் மனைவி தங்கள் சாவியை அந்தக் கதவில் போட்டுத் திருப்பினாள். திரும்பவில்லை. பிறகு தன் சாவியைப் போட்டாள். வெண்ணெயில் இறங்கியதுபோல் திரும்பியது. வெள்ளையடிக்க வந்தவர்கள் சுவருக்கு இடம்விட இரண்டு பீரோவையும் மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள். தங்கள் பீரோ ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று நிற்கிறது. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு அனைத்தையும் ரத்து செய்துகொள்ளவும். என் மனைவி கொல்லையில் நாற்காலியைப் போட்டுக் கதவுகளுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். தபாலின் வேகம் எனக்குத் தெரியுமாதலால் இதை உங்கள் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் சம்பந்தியம்மாளையும் அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். ஒரு மாதமாவது தங்கவேண்டும். சம்பந்தி எதிரில் அவள் என்னைத் திட்டமாட்டாள்.