சொல்தாவின் நுரைக்கிற மாத்திரை

எங்கள் தெருவில் சொல்தாவிடம் திட்டு வாங்காமல் இதுவரை யாரும் ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர்களைக் காரைக்காலில் சொல்தா என்போம். இவர் அங்கே துப்பாக்கி பிடித்தாரா, கரண்டி பிடித்தாரா என்று தெரியாது. இங்கே அவருக்கு ஒரே எதிரி ஜலதோஷம்.

டீக்கடையில் யாராவது மூக்கைச் சுருக்கினால் போதும், எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வரும்: "முழங்கை! முழங்கைக்குள்ள தும்முங்க!" டீ மாஸ்டர் பயத்தில் தும்மலை விழுங்கி, அரைமணி நேரம் விக்கலில் அவதிப்பட்டிருக்கிறார். காரைக்கால்மேட்டு மீன்காரம்மா ஒருத்திதான் எதிர்த்துப் பேசினாள்.

"ஒரு கை கூடையில, ஒரு கை தராசுல. ஒங்க முழங்கையக் கொஞ்சம் நீட்டுங்கய்யா, தும்மிட்டுத் தர்றேன்."

மறுநாள் அவளுக்கு ஒரு பெட்டி முகக்கவசம் வந்து சேர்ந்தது.

அவருடைய ஆயுதம், பாரிஸிலிருக்கும் மகள் அனுப்பும் மாத்திரை. சட்டைப்பையில் இருக்கும் குழாயிலிருந்து ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போடுவார். சுர்ரென்று நுரைத்துப் பொங்கும். பார்க்கும்போதே பாதி நோய் ஓடிவிடும். குழாயை மட்டும் யார் கையிலும் தரமாட்டார். நிபந்தனைகளும் உண்டு. மூன்று நாள் வீட்டிலேயே படுத்திருக்க வேண்டும். தனித் துண்டு, கஞ்சி, வெந்நீர், சோப்புப் போட்டுக் கை கழுவுதல். ஒன்று தவறினாலும் பிரான்சு மாத்திரை வேலை செய்யாதாம். யார் சொல்லியும் கேட்காத எங்கள் தெரு, டம்ளரில் பொங்கிய நுரைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது.

என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். புதன்கிழமை எனக்குக் காய்ச்சலும் சளியும். போன வருஷம் பல் பிடுங்கியபோது மிச்சமான ஆன்டிபயாடிக் அட்டை ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. ஒன்றை வாயில் போடப் போன நேரம், என் தும்மல் கேட்டுச் சொல்தா வந்துவிட்டார்.

"பல்லுக்குக் குடுத்தத மூக்குக்குப் போடுறீங்களே தம்பி! சளிக்கு இது ஆவாது. டாக்டர் சொல்லாம இதத் தொடாதீங்க."

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நுரையைக் கொடுத்தார். படுத்தேன். சனிக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கி, மூக்கு திறந்து, காபி மணத்தது. "பிரான்சு பிரான்சுதாங்க" என்றாள் மனைவி. அன்றைக்குத்தான் மகள், என் கட்டிலோரம் சொல்தா மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இது வெறும் வைட்டமின் சி!"

ஏமாந்த கோபத்தில், ஆனாலும் மறக்காமல் முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழாயோடு கிளம்பினேன். அவர் வாசலில் மீன்காரம்மா மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொங்குற மாத்திரையில ஒண்ணு குடுங்கய்யா."

"வீசிங் இழுக்குது. இதுக்கு அது ஆவாது தாயி. தம்பி, ஆட்டோவக் கூப்பிடுங்க!" என்று கத்தினார். அவளோடு அவரும் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சாயங்காலம்தான் திரும்பினார். குழாயோடு மறுபடி போனேன். "இன்னும் தாமசிச்சிருந்தா கஷ்டம்னாங்க. நல்லாருக்கா" என்று மூச்சு விட்டவர், என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். தெருவையே அதட்டும் மனிதரின் முகம் சுருங்கிப் போயிற்று.

"தெருவுல சொல்லிடுவீங்களா தம்பி? சும்மா படுங்கன்னா யாரு படுக்குறீங்க? அது பொங்குனாத்தான படுக்குறீங்க."

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. குழாயை அவர் சட்டைப்பையில் நானே செருகினேன்.

மறுநாள் நிச்சயதார்த்தத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சம்பந்தி வீட்டார் ஒருவர்கூடப் பந்தியில் உட்காரவில்லை. வாசலில் சொல்தா நின்றார்.

எங்கள் தெருவில் இந்தப் பத்திரிகை வாங்குவது நான் ஒருவன்தான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன வாரம் எனக்கு மறுபடி ஜலதோஷம். எல்லாம் தெரிந்தும், தண்ணீர் டம்ளரோடு அவர் வாசலில்தான் போய் நின்றேன். அவர் திட்டாவிட்டால் எனக்குச் சளி இறங்குவதில்லை.