கோப்பை வரும்வரை மாப்பிள்ளை வர வேண்டாம்

ஓர்லிவ்கா, சஸ்காச்சுவான், கனடா
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

என் ஒரே தங்கையின் கணவரும், நம் இரண்டு வீட்டு ஹீட்டர்களுக்கும் குளிர்காலம் தவறாமல் உயிர் கொடுப்பவருமான மாப்பிள்ளை லார்ன் அவர்களுக்கு, மைத்துனன் ஓரெஸ்ட் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ஸ்டெஃபா, உங்கள் மனைவி மர்லீன் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் விசாரிக்க வேண்டியதுதான் முறை. ஆனால் விசாரித்தால் அந்த மோட்டல் கட்டிலைப் பற்றி மறுபடியும் ஆரம்பிப்பீர்கள் என்பதால் விசாரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் பேச வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். "இனிமே உங்க அண்ணன் குரல் என் காதுல விழக்கூடாது" என்று நீங்கள் மர்லீனிடம் சத்தியம் செய்திருப்பதால் எழுதுகிறேன். நான் எடுத்த சத்தியத்தையும் மீறமாட்டேன், அடுத்தவர் சத்தியத்தையும் மீறமாட்டேன், அது எங்கள் வாசிலிஷின் குடும்பத்துச் சுபாவம். நம்ம தாராஸ் ஃபாதர் நாளைப் பூசைக்காக இன்று ராத்திரி நீங்கள் தங்கியிருக்கும் டன்பரிக்குத்தான் காரில் வருகிறார். போகிற வழியில் வாசலில் ஹாரன் அடித்து இதை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் கையில் தருவார்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை உங்கள் கல்யாண நாள் என்பதால் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பி வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வராதீர்கள்.

கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். ஐஸ் ஹாக்கி இறுதிச் சுற்றில் ஏழு ஆட்டம். அதில் நாலை முதலில் ஜெயிப்பவனுக்குக் கோப்பை. முதல் ஆட்டம், நம் பேஸ்மென்ட் சோபாவில் இடது ஓரம் நீங்கள், வலது ஓரம் நான். நம்ம ஊர் டீம் பேட்ஜர்ஸ் தோல்வி. இரண்டாவது ஆட்டம், அதே சோபா, அதே நீங்கள், மறுபடி தோல்வி. மூன்றாவது ஆட்டத்தன்று டன்பரி பள்ளிக்கூட ஹீட்டரைப் பழுதுபார்க்க உங்களுக்கு அழைப்பு வந்தது. உங்கள் வண்டி கிளம்பாமல் மக்கர் செய்ததால் நான்தான் உங்களைக் கொண்டுபோய் விட்டேன். திரும்பும் வழியில் பனி உருகிய சேற்றில் என் கார் கதவு வரைக்கும் இறங்கிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டு, நான் வீடு வந்து சேர்வதற்குள் ஆட்டமே முடிந்து ஸ்டெஃபா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாலுக்கு ஒன்று, நாம் ஜெயிச்சிருக்கோம். நான் ஒரு கோல்கூடப் பார்க்கவில்லை, உங்களுக்கு உபகாரம் செய்யப்போய் எனக்குக் கிடைத்த கூலி அது. போகட்டும், அதையா நான் இப்போது சொல்லிக்காட்டப்போகிறேன்.

நாலாவது ஆட்டத்துக்கும் நீங்கள் டன்பரியில்தான். அன்றைக்கு என் கதை தனிக் கதை. பிளேஆஃப் சுற்று தொடங்கிய நாளிலிருந்து ராசி கெடாமலிருக்க என் ஜெர்ஸியைத் துவைக்கவில்லை, தாடியும் எடுக்கவில்லை, உங்களுக்கே தெரியும். துவைக்கக்கூடாது என்றுதான் விதியே தவிர காற்றாட விடக்கூடாது என்று இல்லையே என்று அதைக் கொல்லைக் கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது அதன் அடியில் நாற்ற நீரைப் பீய்ச்சும் ஸ்கங்க் ஒன்று படுத்திருந்தது. தன் இனத்தின் வாடை என்று நினைத்து வந்திருக்கும் என்று ஸ்டெஃபா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது வாலைத் தூக்கி அடித்த அடியில் தெருவே ஜன்னலைச் சாத்தியது. "இந்த வாசப்படியில கால் வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று ஸ்டெஃபா சொல்லிவிட்டாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது என்பதால் அந்தப் பேச்சின் தீவிரத்தை நான் புரிந்துகொண்டேன். ஆட்டம் முழுக்க கராஜில் ஒரு தொட்டியில் தக்காளிச் சாற்றில் ஊறிக்கொண்டு கிடந்தேன், நாற்றத்துக்கு அதுதான் மருந்து என்றார்கள். மூன்று தடவை வீட்டுக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. தீப்பிடித்துவிட்டதோ என்று மூன்று தடவையும் தக்காளியோடு எழுந்து ஓடினேன். மூன்றும் நம்ம கோல். மூன்றுக்கு சைபர்.

ஆக இரண்டுக்கு இரண்டு. ஊரே தலைகால் புரியாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஐந்தாவது ஆட்டத்துக்கு நீங்கள் வேலை முடிந்து வந்தீர்கள், கையில் டோனட் டப்பாவோடு. நானும் குளித்து, முக்கால்வாசி நாற்றம் போய், மனிதனாக என் இடத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் டப்பாவின் மூடியைத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் எதிரணி கிரேஹில் பைசன்ஸ் முதல் கோல் போட்டுவிட்டான். சர்க்கரை தூவியதை எடுத்தீர்கள், இரண்டாவது. மொத்தம் ஆறு வாங்கினோம், ஒன்றுகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. நம்ம கோல்கீப்பர் பையன் ரப்பர் வட்டைத் தடுப்பதை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்து ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் மச்சான்" என்று அன்று சொன்னீர்கள். ஒரு தரம் விழுந்தால் நானும் காக்கையைக் குற்றம் சொல்லமாட்டேன். அதே காக்கை வந்து உட்காரும்போதெல்லாம் விழுகிறது, பறந்து போனால் நின்றுவிடுகிறது. காக்கையை விரட்டுவதா, மரத்தை வெட்டுவதா? நீங்களே நியாயம் சொல்லுங்கள். அதனால்தான் மறுநாள் காலை உங்கள் பெட்டியை நானே கட்டி, நானே உங்களை டன்பரி மோட்டலில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் நீங்கள் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நீங்கள் நம் போட்டி மாகாணமான ஆல்பர்ட்டாக்காரர் என்பதையே இத்தனை வருஷமாக வெளியில் சொல்லாமல் காப்பாற்றிவரும் குடும்பம் இது.

உங்கள் இடம் காலியாக இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். நாலாவது ஆட்டத்தின்போதே, காலி இடத்தைப் பார்க்க மனசு கேட்காமல் மர்லீன் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிவந்து வைத்து உங்கள் தொப்பியைப் போட்டுவிட்டாளாம். அன்றுதானே ஜெயித்தோம்? இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறோம். பெரோகி கொழுக்கட்டை செய்யக் கிழங்கு இல்லை என்று ஸ்டெஃபா அதில் கை வைக்கப் போனபோது மர்லீன் கத்திய கத்தலைக் கேட்டு நானே பயந்துபோனேன். உங்கள் மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. நேற்று அந்த மூட்டையிடம் உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூட்டை தலையாட்டவில்லைதான், ஆனால் எதிர்த்துப் பேசவும் இல்லை.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரிந்தே தாராஸ் ஃபாதரிடம் தீர்ப்புக் கேட்டேன். சகுனம் பார்ப்பது பாவம், கடவுளுக்கு ஹாக்கியில் எந்தக் கட்சியும் கிடையாது என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னார். நானும் தலைகுனிந்து கேட்டேன். கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி, "அவர் உக்கார்றது இடது ஓரமா, வலது ஓரமா?" என்று கேட்டார். இடது என்றேன். "அப்ப கொஞ்ச நாள் டன்பரியிலேயே இருக்கட்டும்" என்றார். திருச்சபையே சொன்ன பிறகு நமக்கென்ன பேச்சு?

உங்களுக்கு அங்கே என்ன குறை, மாப்பிள்ளை? கட்டில் சாய்ந்திருக்கிறது என்கிறீர்கள். சாய்ந்து படுத்தால் முதுகுக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஹீட்டர் வாத்து மாதிரி இரவெல்லாம் கத்துகிறது என்கிறீர்கள். ஹீட்டர் மெக்கானிக்குக்கு அதைவிட வேறு என்ன துணை வேண்டும்? ஜன்னலைத் திறந்தால் பன்றிப் பண்ணை. திறக்காதீர்கள். ராஜபோகம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் நான் சந்தோஷமாக அங்கே தங்குவேன்.

நான் இவ்வளவு கெஞ்சுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களிடம் சொன்னதில்லை. பேட்ஜர்ஸ் கோப்பை ஜெயித்தது ஒரே ஒரு முறை, நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது. எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டிருந்தார்கள். கோப்பையை லாரியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள், வாத்தியச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. கட்டிலின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன், மரம் மறைத்தது. ஊரில் என் வயதுக்காரன் ஒவ்வொருவனும் அந்தக் கோப்பையைத் தொட்டிருக்கிறான், நான் ஒருத்தன்தான் பார்க்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிறேன், கோப்பை மட்டும் வரவே இல்லை. சாவதற்குள் ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடணும் மாப்பிள்ளை. அவ்வளவுதான் என் ஆசை.

இன்று ராத்திரி ஆறாவது ஆட்டம். தோற்றால் எல்லாம் முடிந்தது. ஜெயித்தால் சனிக்கிழமை கடைசி ஆட்டம், அதிலும் ஜெயித்தால் கோப்பை. நீங்கள் அங்கே அந்தச் சாய்ந்த கட்டிலில் பேசாமல் படுத்திருந்தாலே போதும், பாதிக் கோப்பை நம் கையில். கல்யாண நாளை அடுத்த வாரம் கொண்டாடலாம். புருஷன் வேணுமா, கோப்பை வேணுமா என்று மர்லீனை நேராகவே கேட்டுவிட்டேன். யோசிக்க இரண்டு நாள் கேட்டிருக்கிறாள்.

ஸ்டெஃபா விசாரித்ததாகச் சொன்னாள். மர்லீன் தன் அன்பையும், மூட்டை தன் வணக்கத்தையும் தெரிவிக்கிறார்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடும், திடமான முதுகோடும், டன்பரியிலேயே நன்றாக இருக்கவேண்டும் என்று பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
ஓரெஸ்ட் வாசிலிஷின்

பின்குறிப்பு: இதை உறையின் பின்பக்கத்தில், ஃபாதர் காரின் பானட்டில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

ஆறாவது ஆட்டம் எல்லாம் முறைப்படிதான் தொடங்கியது. நீங்கள் டன்பரியில், மூட்டை உங்கள் இடத்தில், நான் என் இடத்தில். அப்படியிருந்தும் இரண்டாவது இடைவேளைக்குள் நாலு கோல் வாங்கிவிட்டோம். நீங்கள் ஊரிலேயே இல்லை, பின்னே ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. வாசலில் ஹாரன் கேட்டது, உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஃபாதரின் கார் சேற்றில் மாட்டியிருந்தது. பின்னால் நின்று தள்ளினேன். கார் ரேடியோவில் கோல் என்றான். நம்ம கோல். இன்னொரு தரம் தள்ளினேன், இன்னொரு கோல். கார் சேற்றைவிட்டு வெளியே வந்ததும் ஃபாதர் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவர் வேண்டுமென்றே ரிவர்ஸில் போட்டு மறுபடி சேற்றில் இறக்கினார் என்று நான் சொல்லமாட்டேன், அவர் குருவானவர். ஆனால் கார் இறங்கியது. நான் தள்ளத் தள்ள ஐந்து கோல் ஆகிவிட்டது. ஐந்துக்கு நாலு.

கடைசி நிமிஷத்தையாவது பார்க்கலாமென்று வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. ஸ்டெஃபா ஜன்னலைத் திறந்து, "அங்கயே நில்லுங்க" என்றாள்.

"மூணாவது ஆட்டத்தப்ப எங்க இருந்தீங்க?"

"சேத்துல."

"நாலாவதுக்கு?"

"கராஜ்ல."

"அந்தக் காலத்துல கோப்பை வந்தப்ப?"

"ஆஸ்பத்திரியில" என்றேன் மாப்பிள்ளை. உள்ளே ஆட்டம் முடிந்த கூச்சல் கேட்டது. ஜெயித்துவிட்டோம். ஜன்னல் வழியாக என் பெட்டி வந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து மர்லீன், "அண்ணா, அவர உடனே கிளம்பி வரச் சொல்லு" என்றாள். பேஸ்மென்ட் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், உங்கள் மூட்டையை என் ஓரத்துக்கு நகர்த்தி, உங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு என் தொப்பியை மாட்டியிருந்தார்கள். எடுப்பாகத்தான் இருந்தது.

ஆக, காக்கை நான்தான். உறைக்குள் இருப்பதைப் படிக்க வேண்டாம், அல்லது உங்களைத் திட்டியிருக்கும் இடமெல்லாம் என்னைத் திட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கோப்பை வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பார்க்கமாட்டேன். பரவாயில்லை, ஊர் பார்க்கட்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அழுதேன், இன்று அழவில்லை, காற்று கண்ணில் அடிக்கிறது. நீங்கள் தொடும்போது எனக்காகவும் ஒரு தரம் தொட்டுவிடுங்கள்.

இந்த உறையை உங்களிடம் நீட்டிக்கொண்டு சேறும் தக்காளி வாடையுமாக வாசலில் நிற்பது ஃபாதர் இல்லை, அவர் காரில் கூட வந்த நான்தான். என்னோடு பேச வேண்டாம், சத்தியத்தை மீற வேண்டாம். பூசை முடிந்ததும் ஃபாதர் காரிலேயே ஊருக்குக் கிளம்புங்கள். அறையை மட்டும் காலி செய்துவிடாதீர்கள். போவதற்கு முன்னால் அந்தக் கட்டில் எந்தப் பக்கம் சாயும் என்று கையால் காட்டிவிட்டுப் போங்கள்.